பொழுதுபட்டால் நழுவும் ஜிபிஎஸ்: கிண்ணியாக் கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலைக்குப் பக்கத்துக் கிண்ணியாக் கரையோரம் ஒரு தனியார் இறங்குதுறைக்காக நடந்த ஆழ அளவை வேலையில் வந்த சிக்கல் இது. காலம் 2024 மார்ச், ஏப்ரல். வேலையை எடுத்தவர் எனக்குப் பழக்கமான சேர்வேயர். படகுகளின் ரேடியோ, ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் திருத்துவது என் தொழில் என்பதால் என்னைக் கூப்பிட்டார்.

அந்த மாதங்களில் கொட்டியாரக்குடாவில் பின்னேரம் கடற்காற்று கிளம்பி, சிறு வள்ளத்தை உருட்டி எடுக்கும். பொழுதுபட்டால் காற்று விழுந்து தண்ணீர் தகடாகிவிடும். அதனால் அவர் மாலை ஆறு மணிக்கு வள்ளத்தை இறக்கி இரவு பத்து வரை ஓடுவார். கரையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் பேஸ் என்ற அசையாத ஜிபிஎஸ் ரிசீவர், வள்ளத்தில் ரோவர் என்ற ஓடும் ரிசீவர், அதன் கீழே எக்கோ சவுண்டர். பேஸ் அனுப்பும் திருத்தத்தை வைத்து ரோவர் தன் இடத்தைக் கணிக்கும் ஆர்டிகே முறை. கணக்கு உறுதியாகப் பிடித்தால் ஃபிக்ஸ், பிடி தளர்ந்தால் ஃப்ளோட் என்று திரை காட்டும். இரண்டு சென்ரிமீட்டர் துல்லியத்தில் உயரம் வருவதால் கடல் மட்டத்துக்குத் தனியாக அளவுக்கோல் நட வேண்டியதில்லை.

"தம்பி, ஏழரையானா ஃபிக்ஸ் விட்டுடுது. ஃப்ளோட்டில நிண்டு உயரம் அரை மீட்டர் துள்ளுது. பத்து மணிக்குப் பிறகு தானா வருது. பகல்ல ஒரு குறையும் இல்ல."

"எல்லா இரவும் இப்பிடியா அண்ணை?"

"இல்ல. சில நாள் சுத்தமா இருக்கும். அதுதான் விசர் பிடிக்குது."

அரை மீட்டர் என்றால் சின்ன விஷயமில்லை. திருகோணமலையில் கடல் ஏறி இறங்கும் அளவே ஏறத்தாழ அவ்வளவுதான். உயரம் அப்படித் துள்ளினால் வரைபடத்தில் இல்லாத மணல்மேடு முளைக்கும், இருக்கிற மேடு காணாமல் போகும்.

யார் மேல் சந்தேகம்

வள்ளத்தில் கூட ஓடிய பொடியனுக்குச் சந்தேகமே இல்லை. "முகாமில ஜாமர் போடுறாங்கள்" என்றான், சிக்னலை முடக்கும் கருவியை. துறைமுக ஊரில் எது பழுதானாலும் வருகிற முதல் விளக்கம் அதுதான். தண்ணீரில் பட்டுத் திரும்பும் சிக்னல், உள்நாட்டுப் பக்கம் மாலையில் வெட்டும் மின்னல், பேஸிலிருந்து வள்ளத்துக்குத் திருத்தம் கொண்டுவரும் கைத்தொலைபேசி டேட்டா என்று வேறு ஊகங்களும் இருந்தன.

டேட்டா ஒரே பார்வையில் கழிந்தது. ரோவரின் திரையில் திருத்தத்தின் வயது என்று ஒரு எண் ஓடும். ஃபிக்ஸ் விழுந்த நேரத்திலும் அது ஒரு நொடியிலேயே நின்றது. திருத்தம் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. மின்னலுக்கும் மழைக்கும் 1.5 கிகாஹேர்ட்ஸ் அலை அசைந்து கொடுப்பதில்லை; இடி இல்லாத இரவுகளிலும் சிக்கல் இருந்தது.

தண்ணீரில் பட்டுத் திரும்பும் சிக்னலைக் கழிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. ஜிபிஎஸ் செய்மதிகள் அதே இடத்துக்குத் திரும்ப 23 மணி 56 நிமிடம் எடுக்கும். ஆகவே அசையாமல் நிற்கும் ஒரு அன்டெனாவில் எதிரொலியால் வரும் குழப்பம் ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முந்தி வர வேண்டும். ஒரு வாரத்தில் அரை மணி நேரம் நகர்ந்திருக்கும். மாடியில் இருந்த பேஸின் பதிவில் அப்படி எந்த நகர்வும் இல்லை. சிக்கல் செய்மதிகளின் மணிக்கூட்டைப் பின்பற்றவில்லை, சூரியனின் மணிக்கூட்டைப் பின்பற்றியது. அப்போதே எனக்கு வானத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் பொடியனின் ஜாமர் இன்னும் கழியவில்லை. யாராவது தினமும் இரவு ஏழரைக்கு ஒரு கருவியைப் போட்டாலும் இதே நேர ஒழுங்கு வரும்தானே.

பொழுதுபட்ட பின் மேலே நடப்பது

தரையிலிருந்து 100 கிலோமீட்டர் அளவில் தொடங்கி மேலே பல நூறு கிலோமீட்டர் வரை, சூரிய ஒளி காற்றின் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்து வைத்திருக்கும் பகுதி அயன மண்டலம். ஜிபிஎஸ் சிக்னல் இதைத் தாண்டித்தான் வர வேண்டும். ஒரு சதுர மீட்டர் குறுக்குவெட்டுள்ள பாதையில் நூறு கோடி கோடி, அதாவது 1க்குப் பின் 16 பூச்சியம், இலத்திரன்கள் இருந்தால் அதை ஒரு அலகு என்பார்கள். அப்படி ஒரு அலகு ஜிபிஎஸ்ஸின் முதன்மை அலையான எல்1ஐ 16 சென்ரிமீட்டர் பிழையாகக் காட்டும்.

இந்த மண்டலம் பூமியில் எங்கும் ஒரே மாதிரி இல்லை. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோட்டைக் காந்த மத்தியகோடு என்கிறோம். 1963 நவம்பர் 21 அன்று இந்தியா தன் முதல் விண்வெளி ரொக்கெட்டைக் கேரளக் கரையின் தும்பாவிலிருந்து ஏவியதற்குக் காரணமே அந்தக் கோடு அங்கே போவதுதான். அதே கோடு கிழக்கே வந்து இலங்கையின் மேலாகப் போகிறது. நாம் கிட்டத்தட்ட அதன் அடியிலேயே இருக்கிறோம்.

அந்தக் கோட்டின் மேல் காந்தப் புலம் வடக்குத் தெற்காகப் படுத்துக் கிடக்கும். பகலில் அங்கே கிழக்கு நோக்கிய மின்புலம் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் இலத்திரன்களும் அயன்களும் மேலே தூக்கப்படும். பொழுதுபடும் நேரத்தில் அந்த மின்புலம் திசை மாறுமுன் ஒரு தடவை திடீரென்று வலுக்கும். சூரியச் செயற்பாடு கூடிய காலங்களில், அயன மண்டலத்தின் மேற்பகுதியான எஃப் அடுக்கு நொடிக்கு 40, 50 மீட்டர் வேகத்தில் உயரும். கீழே 100 கிலோமீட்டர்ப் பக்கம் இருந்த அடுக்கோ சூரியன் மறைந்ததும் வேகமாகக் கரைந்துவிடும். மேலே அடர்த்தி, கீழே கிட்டத்தட்ட வெறுமை, இடையில் தாங்கி நிற்பது காந்தப் புலம் மட்டும். இந்த நிலை தாங்காது. அடுக்கின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன அலை எழுந்தாலும் வெறுமை மேலே ஏறத் தொடங்கும், அடர்த்தி கீழே சரியும். ஏறும் வெறுமைக்குப் பிளாஸ்மா குமிழி என்று பெயர். குமிழி என்ற சொல்லைக் கேட்டு உருண்டையாக நினைக்கக் கூடாது. காந்தக் கோடுகள் வழியே வடக்கிலும் தெற்கிலும் நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் நீளும் ஒடுங்கிய வெட்டு அது.

நேரமும் பொருந்துகிறது. மார்ச் கடைசியில் இங்கே தரையில் சூரியன் 6.15 அளவில் மறையும். 300 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவனுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சூரியன் தெரியும். ஏழேகால், ஏழரைக்குத்தான் மேலே பொழுதுபடுகிறது. மாதமும் பொருந்துகிறது. இலங்கையில் காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து இரண்டு பாகை அளவே விலகும். ஆகவே மார்ச்சிலும் செப்டெம்பரிலும் இரவு பகல் எல்லைக்கோடு காந்தக் கோட்டுக்குச் சமாந்தரமாக வரும். ஒரே காந்தக் கோட்டின் வடமுனையும் தென்முனையும் ஒரே நேரத்தில் இருளும்போதுதான் அந்த மாலை மின்புலம் நன்றாக வலுக்கும். போதாக்குறைக்கு 2024 சூரியச் சுழற்சியின் உச்ச ஆண்டு.

இதெல்லாம் புதிய கதை அல்ல. 1938இல் புக்கர், வெல்ஸ் என்ற இருவர் பெருவின் வான்காயோவிலிருந்து மேலே அனுப்பிய சிற்றலை துடிப்புகள், இரவில் ஒரு கோடாகத் திரும்பாமல் பரந்து கலைந்து திரும்புவதைப் பதிந்தார்கள். 1976இல் வுட்மனும் லா ஹோஸும் லீமாவுக்கு அருகே உள்ள ஹிக்காமார்க்கா ரேடாரின் பதிவை உயரம், நேரம் என்று படமாகத் தீட்டியபோதுதான் அந்தக் கலைவு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே எழும் தூண்களாகத் தெரிந்தது. திருப்பதிக்கு அருகே கடங்கியில் உள்ள 53 மெகாஹேர்ட்ஸ் ரேடாரும் இதையே பார்க்கிறது. இந்த ரேடார்களுக்குத் தெரிவது 3 மீட்டர் அளவான ஒழுங்கின்மை. ஜிபிஎஸ் அலையைக் குழப்புவது 350, 400 மீட்டர் அளவானது. அலைவரிசையை மாற்றினால் அதே குமிழியின் வேறு அளவு தெரியும். ஜெர்மன் வானொலியான டொய்ச்ச வெல்லயின் மறுஒலிபரப்பு நிலையம் 2013 வரை திருகோணமலையில் இயங்கியது; அந்தக் காலத்துச் சிற்றலை நேயர்களுக்கு மாலைக்குப் பிறகு சில இரவுகளில் குரல் வெடவெடவென்று நடுங்குவது நன்றாகத் தெரியும். அதுவும் இந்தக் குடும்பம்தான்.

விண்வெளி வானிலை என்றதும் நம் ஆட்கள் துருவ ஒளி, நோர்வே, அலாஸ்கா என்று நினைக்கிறார்கள். அங்கே சூரியனால் எழும் காந்தப் புயல் வந்தால்தான் குழப்பம். இங்கே எந்தப் புயலும் வேண்டாம், பருவம் வந்தால் போதும். நம் பாடப் புத்தகங்கள் இதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம் என்பது என் குறை.

இரண்டு அசையாத செய்மதிகள்

ஜாமரா வானமா என்று பிரிக்க, குமிழியின் ஒரு குணம் கை கொடுத்தது. அது நகரும். இரவில் எஃப் அடுக்கு கிழக்கே நொடிக்கு 100, 150 மீட்டர் வேகத்தில் ஓடும், குமிழியும் கூடவே போகும். ஜாமர் அன்டெனாவையே செவிடாக்கும்; செய்மதி எந்தத் திசையில் நின்றாலும் எல்லாம் சேர்ந்து விழும். குமிழி வானத்தின் ஒரு பகுதியை மட்டும் மறிக்கும், பிறகு அடுத்த பகுதிக்குப் போகும்.

சாதாரண ஜிபிஎஸ் செய்மதிகள் தாமே ஓடுவதால் இந்தக் கணக்கைக் குழப்பும். ஆனால் விமானங்களுக்காக இந்தியா நடத்தும் ககன் அமைப்பின் செய்மதிகள் பூமியோடு சேர்ந்து சுற்றுபவை, நமக்கு அசையாதவை. அவை அனுப்புவதும் அதே எல்1 அலைதான், 1575.42 மெகாஹேர்ட்ஸ், மலிவான ரிசீவருக்கும் கேட்கும். பட்டியலில் 127ஆம் எண் ஜிசாட்-8, கிழக்கு 55 பாகையில். 128ஆம் எண் ஜிசாட்-10, 83 பாகையில். திருகோணமலையிலிருந்து பார்த்தால் முன்னது மேற்கே 58 பாகை உயரத்தில் நிற்கும், பின்னது கிட்டத்தட்ட உச்சியில், 80 பாகையில்.

இரண்டின் சிக்னலும் 350 கிலோமீட்டர் உயரத்தில் எங்கே அயன மண்டலத்தைத் துளைக்கிறது என்று கணக்குப் போட்டால் அழகான ஒரு தற்செயல் தெரியும். 127இன் துளை புத்தளக் கரைக்கு அப்பால் கடலின் மேல் விழுகிறது. 128இன் துளை வாகரைப் பக்கம். இரண்டும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில், கிழக்கு மேற்காக 210 கிலோமீட்டர் இடைவெளியில். நொடிக்கு 120 மீட்டர் ஓடும் குமிழிக்கு அந்தத் தூரம் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இதற்கென்று யாரும் திட்டமிடவில்லை. ஆனாலும் நம் ஊருக்கென்றே நட்டு வைத்த இரண்டு கம்பங்கள் போல இருக்கிறது.

பேஸ் பக்கத்தில் ஒரு சின்ன ரிசீவரை வைத்து, ஒவ்வொரு செய்மதியின் சிக்னல் பலத்தையும் நொடிக்கு நொடி பதியவிட்டோம். பலத்தை டெசிபெல்லிலிருந்து சாதாரண எண்ணுக்கு மாற்றி, ஒரு நிமிடத்துக்குள் அது எவ்வளவு அலைகிறது என்பதைச் சராசரியால் வகுத்தால் எஸ்4 என்ற எண் வரும். 0.2க்குக் கீழே அமைதி, 0.6ஐத் தாண்டினால் கடுமை என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். மலிவு ரிசீவரில் இது நுட்பமான அளவை இல்லை. ஆனால் நாங்கள் கேட்ட கேள்வி எவ்வளவு என்பது அல்ல, எது முந்தி என்பது.

குழப்பமான இரவு ஒன்றின் பதிவை நொடி நொடியாக விரித்தால் இப்படி ஓடியது: 44, 45, 41, 33, 28, 39, 46, 47, 43. அந்த 46, 47ஐக் கவனிக்க வேண்டும். வழமையான பலம் 44. ஏதோ ஒன்று மறித்தது என்றால் குறைய மட்டுமே செய்யும். இங்கே கூடியும் வந்தது. நிலாவெளியில் முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று கீழே மணலைப் பார்த்தால், வெயில் ஒளிக்கோடுகளாகவும் நிழலாகவும் நெளிந்து ஓடுமே, அதேதான் இது. மேலே உள்ள நெளிவுகள் அலையைச் சில இடத்தில் குவிக்கின்றன, சில இடத்தில் சிதறடிக்கின்றன. அந்தக் கோலம் முழுவதும் தரையில் கிழக்கே ஓடுகிறது. 400 மீட்டர் அளவான கோலம் நொடிக்கு 120 மீட்டர் ஓடினால் ஒரு ஏற்ற இறக்கம் மூன்று, நான்கு நொடி. பதிவிலும் அப்படித்தான் இருந்தது.

இனி வரிசை. மாலை முதல் குழப்பம் மட்டும் தெளிவான வரிசை காட்டவில்லை. அதற்குக் காரணம் உண்டு: சூரிய அஸ்தமனம் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வது, வாகரையின் மேல் புத்தளத்தைவிட எட்டு நிமிடம் முந்தி இருளும். குமிழி பிறக்கும் ஒழுங்கு கிழக்கிலிருந்து மேற்கு, பிறந்த குமிழி ஓடுவது மேற்கிலிருந்து கிழக்கு. இரண்டும் மோதும் நேரம் அது. ஆனால் எட்டரைக்குப் பிறகு வந்த குழப்பங்களில் சந்தேகமே இல்லை. 127 அலையத் தொடங்கும், 128 அமைதியாக இருக்கும். 127 அடங்கும். 25 முதல் 30 நிமிடத்தில் 128 அலையத் தொடங்கும். கணக்குப் போட்டால் நொடிக்கு 117 முதல் 140 மீட்டர். எந்த ஜாமரும் புத்தளத்திலிருந்து வாகரைக்கு வானத்தில் நடந்து போவதில்லை.

இன்னொரு அடையாளமும் சேர்ந்தது. இரட்டை அலைவரிசை ரிசீவரில் குறைந்த அலைவரிசையான எல்2 எப்போதும் எல்1ஐவிடக் கூடுதலாக அலைந்தது. அலைவரிசை குறையக் குறைய அயன மண்டலத்தின் கை ஓங்கும் என்பது விதி. இன்னும் குறைந்த அலைவரிசையான எல்5இல் இந்த அலைவு, அதாவது மினுமினுப்பு, எல்1ஐவிட ஒன்றரை மடங்கு எதிர்பார்க்கலாம்.

ஆர்டிகே ஏன் தாங்கவில்லை

சேர்வேயர் விடாமல் கேட்ட கேள்வி இது. பேஸும் ரோவரும் ஒரு கிலோமீட்டருக்குள்தான் இருக்கின்றன, இரண்டும் ஒரே அயன மண்டலத்தைத்தான் பார்க்கின்றன, பிழை ஒன்றை ஒன்று வெட்டிப் போக வேண்டாமா? அதோடு விற்றவர்கள் "டுவல் ஃப்ரீக்வன்ஸி, அயன மண்டலப் பிரச்சினையே இல்லை" என்று சொல்லித்தானே தலையில் கட்டினார்கள்?

இரண்டும் பாதி உண்மை. அயன மண்டலம் சீராகத் தடித்திருந்தால் இரண்டு அலைவரிசையை ஒப்பிட்டு அந்தத் தாமதத்தைக் கழித்துவிடலாம், பக்கத்துப் பக்கத்து அன்டெனாவில் வெட்டியும் விடலாம். ஆனால் இங்கே நெளிவுகள் சில நூறு மீட்டர் அளவானவை. பேஸில் சிக்னல் குழிக்குள் விழும் நொடியில் வள்ளத்தில் அது குவிந்திருக்கலாம். ஒரு கிலோமீட்டர் கிழக்கே இருப்பவனுக்கு அதே குழி எட்டு நொடி கழித்து, வடிவம் கொஞ்சம் மாறி வரும். வெட்டிப்போக எதுவும் ஒத்து வரவில்லை. ஆர்டிகே வேலை செய்வதே செய்மதிக்கும் அன்டெனாவுக்கும் இடையில் 19 சென்ரிமீட்டர் அலைகள் எத்தனை என்று முழு எண்ணாக எண்ணி வைத்திருப்பதால். பலம் 28க்கு விழும் அந்த ஒரு நொடியில் எண்ணிக்கை தவறும். பேஸில் தவறினாலும் போச்சு, ரோவரில் தவறினாலும் போச்சு. இரண்டு அலைவரிசை இருந்தால் தவற இரண்டு இடம், அதிலும் எல்2 முதலில் தவறும். மூன்று, நான்கு செய்மதி ஒரே குமிழிக்குள் மாட்டினால் மென்பொருள் ஃபிக்ஸைக் கைவிட்டு ஃப்ளோட்டில் நிற்கும். அது நேர்மையான செயல். பயப்பட வேண்டியது பிழையான எண்ணிக்கையோடு ஃபிக்ஸ் என்று காட்டி நிற்கும் நேரத்துக்கு.

இத்தனைக்கும் நமக்கு வருவது மென்மையான பங்கு. பகலில் மத்தியகோட்டில் தூக்கப்பட்ட இலத்திரன்கள் காந்தக் கோடு வழியே வழுக்கி இரு பக்கமும் 15 காந்தப் பாகை அளவில் குவிகின்றன. அகமதாபாத்தும் கொல்கத்தாவும் அந்தக் குவியலின் பக்கம். 800 கிலோமீட்டருக்கு மேல் ஏறும் குமிழிதான் அங்கே எட்டும், எட்டினால் எல்1 மினுமினுப்பு நம்மைவிட மோசமாக இருக்கும். நமக்குக் குமிழியின் வேர் அடிக்கடி வரும், அடி சற்று இலேசு.

சுத்தமான இரவுகளுக்கும் விளக்கம் உண்டு. அந்த மாலை மின்புலம் ஒவ்வொரு நாளும் ஒரே வலுவில் வராது. எந்த இரவு வரும் என்று முன்கூட்டிச் சொல்வது இன்றும் ஆய்வாளர்களுக்கு முடியாத வேலைதான். காந்தப் புயல் வந்தால் கட்டாயம் கூடும் என்பதும் இல்லை. 2015 மார்ச் 17 புயலின் முக்கிய கட்டம் இந்தியப் பக்கத்தின் மாலையில் விழுந்ததால் திருநெல்வேலியின் மேல் எஃப் அடுக்கு மிக வேகமாக எழுந்தது. அடுத்த மாலை அதே புயலின் பின்விளைவு குமிழிகளை அடக்கிவிட்டது. 2024 மே 10 பெரும் புயல் நம் நேரப்படி இரவு பத்தரைக்குப் பிறகே வந்து மோதியது. மாலைக் கதவு அப்போது மூடியிருந்தது.

வேலையை முடித்த விதம்

பொழுதுபட்ட வேலையைச் சேர்வேயர் விடியலுக்கு மாற்றினார். அதிகாலை நான்கு முதல் வெயில் ஏறும்வரை தண்ணீர் அதேபோல் தகடு, மேலேயும் அமைதி. ஏற்கெனவே இரவில் ஓடிய கோடுகளை வீசிவிடவில்லை. பேஸ், ரோவர் இரண்டின் மூலப் பதிவுகளும் இருந்ததால் முன்னும் பின்னுமாக ஓட்டித் திருத்தியதில் பெரும்பகுதி மீண்டது. எஸ்4 கடுமையாக இருந்த துண்டுகளுக்கு மட்டும் கரையில் ஒரு அளவுக்கோல் நட்டுக் கடல் மட்டம் பார்த்து மறுபடி ஓடினார். பழைய முறைதான், ஆனால் அளவுக்கோலுக்கு அயன மண்டலம் தெரியாது.

ஏப்ரல் நடுவில் ஒரு விடியல் ஃபிக்ஸ் மறுபடி விழுந்தது. நாலரை மணி, குமிழிக்குப் பொருந்தாத நேரம். பதிவைத் திறந்தால் 127உம் 128உம் ஒரே நொடியில் விழுந்திருந்தன, ஓடும் செய்மதிகள் எல்லாமும் கூடவே. எதிலும் 44க்கு மேல் ஏற்றம் இல்லை. எல்1 மட்டும் பாதிப்பு, எல்2 அசையவில்லை. இது வானம் இல்லை. பொடியனின் முகத்தில் ஒரு வெற்றிப் புன்னகை.

அன்று பக்கத்தில் புதிதாக ஒரு பலநாள் படகு கட்டி நின்றது. அதில் டிவி அன்டெனாவுக்கு ஒரு மலிவு பூஸ்டர். கலிபோர்னியாவின் மொஸ் லாண்டிங் துறைமுகத்தில் 2001இல் ஜிபிஎஸ்ஸை முடக்கியதும் இப்படிப் படகுகளில் இருந்த டிவி அன்டெனா பூஸ்டர்கள்தான். உள்ளே அலைந்து தானே ஒலிபரப்பத் தொடங்கிவிடும். படகுக்காரரிடம் கேட்டுப் பிளக்கைக் கழற்றினோம். ரோவர் திரையில் செய்மதிகள் வரிசையாகப் பச்சைக்கு வந்தன.

"அப்ப ஜாமர்தானே?" என்றான் பொடியன்.

"ஜாமர்தான்டா. ஆனா அதில கிரிக்கெட் பாத்துக்கொண்டிருந்தவங்கள்" என்றார் சேர்வேயர்.